நாற்பத்தேழோடு முடிந்த கண்காட்சி

கண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். கந்தோரில் சின்ன வாக்குவாதம், யோசிக்க வேண்டாம். போனில் என்றால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையைப் பற்றி இங்கே கண்காட்சி வைக்கிறோம். தமிழ் விளக்கப் பலகைகள் என் பொறுப்பு. தேயிலைத் தோட்டத் தமிழரும் அன்று வாக்களித்தார்கள், நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்த கையோடு அந்த வாக்கைப் பறித்தார்கள் என்று எழுதினேன். மேலதிகாரி கடைசி வரியை வெட்டிவிட்டார். கண்காட்சி நாற்பத்தேழோடு முடிகிறதாம்! எவ்வளவு வசதியான வருஷம்!

பலகை மாட்டிய கஜலட்சுமி அக்கா ஹேவாஹெட்டத் தோட்டத்துக்காரர். "எங்க தாத்தா நாப்பத்தேழுல ஓட்டுப் போட்டாரு மிஸ். அடுத்த தேர்தல்ல அவரு பேரே இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "ஓட்டப் பறிச்ச அந்தச் சட்டத்துக்குக் கை தூக்குனதுல தமிழ் ஆளுங்களும் இருந்தாங்களாமே, நெசமா?"

எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன். வடக்கிலிருந்து போன எங்கள் ஆட்களே இருந்திருக்கிறார்கள்.

நாற்பது வருஷம் சரித்திரம் படிப்பித்தவர் நீங்கள். முப்பத்தொன்றில் யாழ்ப்பாணம் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த பெருமையை எத்தனை தரம் சொன்னீர்கள்! இதை ஒருதரம் சொன்னீர்களா? ஒரு வரியை வெட்டியதற்காக மேலதிகாரியிடம் கத்திய வாயால் உங்களிடம் என்ன கேட்பது?

தபாற்கந்தோர் பூட்டப் போகிறார்கள். மிளகாய்த்தூள் இரண்டு பங்காக அனுப்புங்கள், ஒன்று கஜலட்சுமி அக்காவுக்கு. இங்கே நான் கதைக்க அவரைத் தவிர ஆளில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள்.

மகள்,
றஞ்சனா