குளிசையை நிறுத்த வேண்டாம்

அண்ணை,

இன்று காலை ஹீட்டரின் மேல் காயப் போட்டிருந்த தோடம்பழத் தோல் மணக்கத் தொடங்கியது. பழைய தோல்தான் வயிற்றுக்கு நல்லது, பொறுமையாகக் காயவிடுங்கள் என்று அந்தச் சீன வைத்தியர் அம்மா சொன்னாரே, அதே மணம். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் கொதித்து ஆறிவிட்டது. நான் இன்னும் முதல் பந்தியில்தான் நிற்கிறேன். அவசரமில்லை. எழுத்துகளைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. இவை என் கையால் வந்தவை.

இல்ஃபோர்டில் இருந்த அந்தச் சீன மருந்துக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். எனக்கு நித்திரை வருவதில்லை, சாப்பிட்டது செமிப்பதில்லை. பாண் தொழிற்சாலையில் இரண்டு பேரும் இருபது வருடம் செய்த இரவு ஷிப்ட் உடம்பைக் குழப்பிவிட்டது என்றீர்கள். கடைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வைத்தியர் இரண்டு கை நாடியையும் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். என்ன குளிசை போடுகிறேன் என்று கேட்டார். பிரஷருக்கு என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதும், தராசில் வைத்திருந்த அதிமதுரத்தை எடுத்துத் திரும்பவும் இழுப்பறையில் போட்டார். பிரஷர்காரருக்கு அது கூடாதாம். எங்கள் ஊர்ப் பரியாரியார் மாதிரிக் கவனமான ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பிழை வந்தது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் நீங்கள் ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்தீர்கள். அதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது.

“எல்லாம் இதில இருக்கு. வடிவா வாசியும், என்ன?”

“ஓம் அண்ணை, ஓம்.”

தாளை மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஃபோம், கடிதம், கல்யாண அழைப்பிதழ் எது வந்தாலும் கண்ணாடி வீட்டில் கிடக்கிறது என்பேன். “உம்மட கண்ணாடி ஒருநாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாதோ?” என்று பகிடி பண்ணுவீர்கள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவள் காலமான பிறகு அந்த இரகசியம் எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

கசாயத்தைக் காய்ச்சிக் குடித்தேன். அன்றே பிரஷர் குளிசையை நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை. நாட்டு மருந்து குடிக்கும்போது இங்கிலீசு மருந்தைத் தொடக்கூடாது, அது பத்தியம். எங்கள் வீட்டில் அப்படித்தான். சீனருடையதும் வேரும் பட்டையும்தானே. கத்தரிக்காயையும் விட்டேன், மீனையும் விட்டேன்.

ஒன்பதாம் நாள் பார்க்கில் உங்களோடு நடக்கும்போது தலை சுற்றியது. மூக்கால் இரத்தம் வந்தது. என்னை வாங்கில் இருத்தி உங்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினீர்கள்.

“காலமை குளிசை போட்டனீரோ?”

“இல்லை.”

“மறந்திட்டீரோ?”

“இல்லை அண்ணை, பத்தியம். கசாயம் குடிக்கேக்க அது கூடாதெல்லே.”

“ஆரப்பா உமக்குச் சொன்னது? நிப்பாட்ட வேண்டாமெண்டு எழுதித் தந்தனான் எல்லே! வாசிக்கேல்லையோ?”

“கண்ணாடி வீட்டில…”

“டேய், கண்ணாடி உன்ர மூக்கிலதான் கிடக்குது.”

நீங்கள் என்னை டேய் என்றது அன்று மட்டும்தான். பிறகு அதே சேர்ட்டின் பொக்கற்றைப் பார்த்தீர்கள். தாள் மடித்தபடியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். டாக்ஸி பிடித்து டொக்டரிடம் கொண்டுபோனீர்கள். பிரஷர் கண்டபடி ஏறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாரிசவாதம் வந்திருக்கலாம் என்றார் அவர்.

அடுத்த முறை நடக்கப் போனபோது அதே தாளை விரித்தீர்கள். முதல் வரியின் முதல் எழுத்தில் விரலை வைத்து, “இது கு. குளிசையின்ர கு,” என்றீர்கள். அவ்வளவுதான். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. எல்லாரும் அ-வில் தொடங்குவார்கள். நான் கு-வில் தொடங்கினேன். பார்க்கைச் சுற்றி ஒரு சுற்றுக்கு ஒரு எழுத்து. குளிசையை நிறுத்த வேண்டாம். எழும்பியதும் சுடுதண்ணீர். வயிறு நிறைய முன்னம் சாப்பாட்டை விட்டு எழும்பவும். சாப்பிட்ட பின் நடக்கவும். படுக்க முதல் காலை வெந்நீரில் வைக்கவும். வைத்தியர் சொன்ன அந்த ஐந்து வரிதான் என் பாடப்புத்தகம். ஒவ்வொன்றாக வாசித்து, வாசித்ததைச் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நித்திரை வந்தது. மருந்தாலா, நடையாலா, உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாததாலா என்று எனக்குத் தெரியாது.

இந்தக் குளிருக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் மனைவி ஒரு தாளை என்னிடம் நீட்டினா. கனடாவிலிருந்து வர முடியாத உங்கள் மகள் எழுதி அனுப்பியது.

“நீங்கள்தான் வாசிக்க வேணும். ஒவ்வொரு நாளும் உங்களோடதானே நடந்தவர்.”

அவவுக்கு என் இரகசியம் ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் நீங்கள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

மைக்கின் முன் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நின்று நின்றுதான் வந்தது. அழுகையில் தடுமாறுகிறேன் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அழுதது உண்மைதான். ஆனால் நின்றது அதனால் இல்லை, அண்ணை. மகள் ஒரு நீளமான சொல் போட்டிருந்தா. அதில் மூன்று முறை விழுந்து எழும்பினேன். நாலாம் முறை முழுதாகச் சொன்னேன்.

அந்தச் சொல் இப்போது என்னிடம் இருக்கிறது. எதையும் பார்க்காமல் எழுதுகிறேன்: பிரிவாற்றாமை.