இடது ஷூவின் முனை

யோவ்,

இன்று மதியம் வாசலில் ஒரு ஷூ டப்பா வந்து கிடந்தது. மனைவி எனக்காக ஆர்டர் போட்டிருக்கிறாள். மூடியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. பார்த்தால் ரன்னிங் ஷூ. டப்பாவின் மேலே, ஓட, நடக்க, சின்ன மலையேற, எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்லி விற்கிற எதையும் நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். டப்பாவை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். இந்த விஷயத்தில் நான் சண்டை போட்டதெல்லாம் உன்னோடுதானே.

ஃப்ரீமான்ட்டில் அந்த ஷூக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீ. இரண்டு ஜோடி சேர்த்து எடுத்தால் தள்ளுபடி. உனக்கும் சைஸ் பத்து, எனக்கும் பத்து. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஓடுகிறவனுக்குச் செய்ததை நடக்கிறவன் தலையில் கட்டுகிறான் என்று நான் முனகினேன். "தலையில இல்ல மாப்ள, கால்ல கட்டுறான். பேசாம போடு" என்றாய்.

உள்ளதைச் சொல்லவேண்டும். கடைக்கு, ஆபீசுக்கு, வீட்டைச் சுற்றி நடக்க அது சுகமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் நாம் மலைக்குப் போனபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது காய்ந்த மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்த இடத்தில் வழுக்கியது. மேலே இருந்த வலைத்துணி வழியாகப் புழுதி உள்ளே போனது; காய்ந்த புல்லின் முள் சாக்ஸில் தைத்தது. சில மாதங்களில் அடிப்பாகம் புதுசு போலவே இருக்க, உள்ளே இருந்த மெத்தை செத்துப்போனது. நான் வாரத்துக்கு ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். நீ சிரித்துக்கொண்டே, மலையில் மேயும் மாடுகள் வெளியே வராமல் போட்டிருக்கும் கேட்டைத் திறந்து எனக்கு வழி விடுவாய்.

அப்புறம் உன் கால் தடுக்க ஆரம்பித்தது. முதலில் இறக்கத்தில், பிறகு சமதரையிலும். ஒருநாள் என் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, நீ சொன்னது சரிதான், இந்த ஷூ சரியில்லை என்றாய். எனக்கு ஒரே குஷி. ஒருவழியாக உன்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேனே! அந்த இறக்கம் முழுக்க ஷூ செய்கிறவன், விற்கிறவன், விளம்பரம் எழுதுகிறவன் எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்தேன். நீ ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினாய். அதை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் சான் ரமோனில் நண்பர் ஒருவர் வீட்டில் சத்தியநாராயண பூஜை. நீயும் வந்திருந்தாய். வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்தன. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பிய நான், சாம்பல் நிற ஷூவைப் பார்த்தேன், மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கவிழ்த்துப் பார்த்தால் இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து, ரப்பர் போய், வெள்ளை தெரிகிறது. வலது ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷூ மாறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மாட்டினான்டா என்று நேராகக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷூவில் குறை இல்லை, போடுகிறவருக்கு இடது பாதத்தைச் சரியாகத் தூக்க வரவில்லை, முனை தரையில் இழுபடுகிறது, டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! ஷூவைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனசில்லாமல் எனக்கு வியாதி கட்டுகிறாளே என்று, அங்கேயே இரண்டு தடவை நடந்து காட்டினேன். என் கால் ஒழுங்காகத்தான் எழும்பியது. அவள் குழம்பிப்போனாள். நான் ஜெயித்த மாதிரி வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக உன் வீடு. நடந்த கூத்தையெல்லாம் உனக்கு நடித்துக் காட்டினேன். அந்தப் பெண் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்து ஷூவைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது என்னோடது மாப்ள. பூஜையில மாறிடுச்சு."

"அப்ப உன் காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். கராஜ் சிமென்ட்ல உரசியிருக்கும்."

சரி என்றேன். அவரவர் ஷூவை மாற்றிக்கொண்டோம். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மளிகைக் கடையில் புளிப் பாக்கெட்டின் தேதியைப் பத்து தடவை பார்க்கிறவன் நான். ஒரு டென்டிஸ்ட் பல்லைப் பிடுங்கவேண்டும் என்றால் இன்னொரு டென்டிஸ்டிடம் போய் நிற்கிறவன். நீ சொன்னதை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மழை வந்தது. சகதி என்று மலையை நிறுத்தினாய். மழை நின்றதும் முழங்கால் வலி என்றாய். பிறகு சனிக்கிழமைகளில் போனையே எடுக்கவில்லை. அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. என்ன சந்தேகம் தெரியுமா? என்னைக் கழற்றிவிட்டு வேறு யாரோடோ நடக்கப் போகிறாய் என்று. எழுதவே கூசுகிறது. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெல் அடித்தேன். நீ வீல்சேரில் வந்து கதவைத் திறந்தாய்.

நரம்பில் வந்த வியாதி, குணமாகாத வகை என்று நீயே சொன்னாய். இனிமேல் என் ஷூ தேயவே தேயாது என்று ஜோக்கும் அடித்தாய். அதன்பின் ஒரு வருஷம்கூட நீ இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு உன் மனைவியிடம் கேட்டேன். நான் கடைக் கதையை நடித்துக் காட்டிய மறுநாளே டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாயாம். தனியாகப் போய்விட்டு வந்தாயாம். என்னிடம் ஏம்மா யாருமே சொல்லவில்லை என்றேன்.

"அவர்தாண்ணா சொல்லக் கூடாதுன்னார். 'அவன் உலகத்துல எதையுமே நம்ப மாட்டான். நான் நல்லா இருக்கேங்கிறதை மட்டும் நம்பிட்டிருக்கான். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்'னார்."

எனக்கு உன் மேல் கோபம். இன்னும் போகவில்லை. என் மேல் அதைவிட அதிகம்.

இப்போதெல்லாம் யார் நல்லா இருக்கேன் என்று சொன்னாலும் விடுவதில்லை, மறுபடியும் கேட்கிறேன். போலீஸ் மாதிரி விசாரிக்கிறேன் என்று வீட்டில் திட்டு. ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள், எப்போது கூப்பிட்டாலும் "ஐ ஆம் ஃபைன்ப்பா" என்பாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள். நிஜமாவா என்றேன். யெஸ்ப்பா என்றாள். நிஜமாவாடா கண்ணு என்றேன். "நாட் ரியலிப்பா" என்று அழ ஆரம்பித்தாள். வேலை போய் ஒரு மாதம் ஆகிறதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். அவள் பேசி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் நான் ஒரு தடவைதான் கேட்டேன்.