ஈரான் மனிதரைப் பற்றிப் பேசிய நாள்

வைகாசி, செவ்வாய்க்கிழமை இரவு

மனம் இன்னும் ஆறவில்லை. பின்னேரம் வல்வெட்டித்துறை வாசிகசாலையில் எங்கள் கட்சியின் மகளிர் கூட்டம் நடந்தது. ஈரானின் சீர்திருத்த அரசியல்வாதி ஒருவரைப் பற்றிப் பேசினேன். அமைச்சராக இருந்தபோது பத்திரிகைகளைப் பயமில்லாமல் எழுத விட்டவர். அதற்காகப் பிறகு சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி தேர்தலுக்கு மனுக் கொடுத்தார். யார் போட்டியிடலாம் என்று முடிவு செய்யும் சபை அவர் பெயரை வெட்டிவிட்டது.

"எங்கடை கட்சியிலையும் நாலு பேர் கதவைச் சாத்திப்போட்டுத்தானே வேட்பாளரைத் தெரிவு செய்யினம்?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் கிளைத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உந்த ஈரான் கதை ஆருக்குத் தேவை, பிள்ளை? மன்னிப்புக் கேளும். இல்லாட்டி நகரசபைத் தேர்தலுக்கு உம்மடை பேர் போகாது."

பத்து வருடமாகக் கட்சிக்காக வீடு வீடாக நடந்தவள் நான். ஆனாலும் சொன்னேன்.

"பேரை வெட்டுங்கோ அண்ணை. கதைச்சதை வெட்ட ஏலாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதும் இவர் கேட்டார், "அப்ப கட்சியை விடப்போறீரோ?"

"ஏன் விடவேணும்? அது அவையின்ரை அப்பன்ரை சொத்தே? என்னை விலத்திறதெண்டால் அவை விலத்தட்டும்."

இவர் சிரிக்கவில்லை. இவருடைய படகு இயந்திரக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தலைவரின் ஆட்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் கூட்டமாம். என்னைக் கூப்பிடவில்லை. போய் முன் கதிரையில் இருப்பேன்.