ஸ்வீடிஷா, துருக்கியா: நீ கேட்ட சான்று

திருவண்ணாமலை,
ஜூலை 29.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

இங்கே நானும் வீடும் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நீ எழுதியிருப்பதை இம்முறை நான் நம்பவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசிப் பக்கம் வரை படித்த பிறகு பதில் போடு. மாப்பிள்ளைக்குத் துருக்கியில், அவர் ஊரான இஸ்மிரில் வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டிலேயே ஸ்வீடனை விட்டுக் குடும்பத்தோடு அங்கே போய்விடலாம் என்கிறார், ஐந்து வயது எலிஃப் ஸ்வீடிஷை விட்டுத் துருக்கி மொழிக்கு மாறினால் குழம்பிப்போவாள், ஆகவே மொழியியல் படித்தவள் என்ற முறையில் இரண்டையும் ஒப்பிட்டு, ஸ்வீடிஷே அவளுக்கு உகந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு, அவரிடம் காட்டுகிறேன் என்று கேட்டிருந்தாய். தீர்ப்பை நீயே எழுதி வைத்துக்கொண்டு விசாரணையை என்னை நடத்தச் சொல்கிறாய். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் விடைத்தாள் திருத்தியவளிடம் இது நடக்காது.

இருந்தாலும் கேட்டதற்காக உட்கார்ந்து படித்தேன். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் இங்க்ரிட் வட ஸ்வீடனைச் சேர்ந்தவள் என்பது வசதியாகப் போயிற்று. அவள் 'ஆமாம்' என்பதை வாயால் சொல்வதில்லை, மூச்சை உள்ளே இழுக்கிறாள்; முதல் மாதம் அதை இழுப்பு நோய் என்று நினைத்துத் தூதுவளைக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவளும் மறுக்காமல் குடித்திருக்கிறாள். துருக்கிக்காரர்களோ 'இல்லை' என்பதற்குத் தலையை மேலே உயர்த்தி நாக்கைச் சொடுக்குகிறார்கள், ஏறக்குறைய நம் 'ப்ச்' தான். ஸ்வீடிஷ் வினையை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிறுத்தியே தீரும். பெயர்ச்சொற்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கும், ஏன் என்று கேட்கக் கூடாது. பெரிய அதிகாரி முதல் தெருக் கூட்டுபவர் வரை எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கும். துருக்கி நம்மைப் போலவே வினையைக் கடைசி வரை தள்ளிவைக்கும், சொல்லின் வாலில் ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்க்கும், 'நீ'யையும் 'நீங்கள்' என்பதையும் கலக்காது. அவன், அவள் என்ற பேதம் மட்டும் கிடையாது. அம்மாவின் அம்மாவை இரண்டு மொழியும் அம்மா என்ற சொல்லை இரட்டித்தே கூப்பிடுகின்றன. தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு எது பக்கம் என்று கேட்டால், கட்டமைப்பில் துருக்கிதான். உனக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை.

படித்தது போதாது, காதாலும் கேட்போம் என்று போன வாரம் இஸ்மிரில் இருக்கும் சம்பந்தி நெர்மினை வீடியோவில் கூப்பிட்டேன். அந்த மொழியில் உருதுவிலும் உள்ள சொற்கள் நிறைய வருமே என்று உருது பேசும் எதிர்வீட்டு நசீமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், 'தெரிஞ்ச வார்த்தை கம்மி, தெரியாதது ஜாஸ்தி, என்னைப் போயி பெரிய பண்டிதர் மாதிரி உட்கார வெச்சிருக்கீங்களே மேடம்'னு. பிறகு சிரிப்பு நின்றது. 'மேடம், கல்புன்னு சொல்றாங்க, இதயம். நெஞ்சுல ஆப்ரேஷன் போல இருக்குங்க'ன்னாள். அதற்குள் நெர்மினே நெஞ்சின் குறுக்கே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். சுவர்க் காலண்டரில் ஆகஸ்டு பதினான்கைத் தொட்டார். கடைசியாகப் போனில் தட்டி, அது மொழிபெயர்த்ததை அனுப்பினார். மருமகளுக்குத் தெரிய வேண்டாம், மகனிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன், இரக்கப்பட்டு யாரும் எனக்காக ஊர் மாற வேண்டாம் என்று இருந்தது. நான் தலையாட்டவில்லை. ஆட்டாததால் உன்னிடம் சொல்வதில் எனக்குக் குற்றமும் இல்லை. மாப்பிள்ளை ஏன் அவசரப்படுகிறார் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன்னிடம் அவர் மறைத்தது தவறுதான், அதை அவரிடமே கேள். ரகசியத்தை உடைத்தது அவரில்லை, நான்தான் என்பதையும் சொல்.

ஆனால் இன்னொன்றும் கேட்டேன். நெர்மின் பேத்தியின் முகத்தைப் பார்த்து ஆறு வாரம் ஆகிறதாம். அவர்கள் இருவரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசுவது வழக்கம் என்பது எனக்கே தெரியும். அந்தப் பத்து மணிக்குத்தான் நீ நீச்சல் வகுப்பு பார்த்துச் சேர்த்திருக்கிறாய். ஊரில் வேறு நாளும் வேறு நேரமும் இல்லையா? வீட்டில் மாப்பிள்ளை துருக்கி பேசக் கூடாது என்று விதி வேறு. குழந்தைக்கு அந்த மொழியை மறக்கடித்துவிட்டு, அவளுக்கு அந்த மொழியே வரவில்லை பார் என்று நிரூபிக்கப் போகிறாய். இதில் ஒப்பிடுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பிள்ளைக்குச் சோறு போடாமல் வைத்திருந்து, எது மெலிந்த பிள்ளை என்று கேட்பதுதான் இது.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்வீடிஷ் பேசி நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நிற்க உனக்கு ஏழு வருடம் பிடித்தது. முப்பத்தெட்டு வயதில் மறுபடி இன்னொரு ஊரில், கடையில் கையைக் காட்டிப் பொருள் வாங்கும் ஊமையாக வேண்டுமா என்று நினைக்கிறாய். நியாயமான பயம். எனக்கு வந்திருந்தால் நானும் போக மறுத்திருக்கலாம். போகாதே என்றும் சொல்ல மாட்டேன், போ என்றும் சொல்ல மாட்டேன். அது நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. உன் பயத்தை உன் வாயால் அவரிடம் சொல். எலிஃபின் நாக்கை ஏன் அதற்குக் கேடயமாகப் பிடிக்கிறாய்? நீங்கள் சண்டையைக்கூட ஸ்வீடிஷில்தான் போடுகிறீர்கள், இருவருக்கும் அது தாய்மொழி இல்லை. அதனால்தானோ என்னவோ இந்த இஸ்மிர் பேச்சு தொடங்கிய மூன்று மாதமாக யாரும் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

முருகவேல் மாமா கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, அதிலேயே நாலு கடலையை உரித்து வாயில் போட்டபடி, 'கீர்த்தனா எந்த ஊருக்குப் போறாளாம், சொல்லேன்க்கா, அட்ரஸு மாத்திக்கணும்ல'ன்னு கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். பௌர்ணமிக் கூட்டத்துக்குத் தெருமுனையில் தடுப்பு வைத்ததில் மூன்று நாளாகக் காய்கறி வண்டி வரவில்லை. கண் மருந்து தவறாமல் விடுகிறேன், அதை விசாரித்துப் பேச்சை மாற்றாதே.

பதினான்காம் தேதிக்குள் இரண்டு ஞாயிறு இருக்கின்றன. நீச்சலை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் போன் முன் உட்கார வை. நீ பக்கத்தில் நின்று திருத்தாதே, அவள் உடைத்துப் பேசினால் உடைத்தே பேசட்டும். அறுவை சிகிச்சை பற்றி அவளிடம் எதுவும் சொல்லாதே. மறுநாள் நீ தனியாக நெர்மினைக் கூப்பிட்டுச் சொல், உனக்கும் விஷயம் தெரியுமென்று. எலிஃபுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, கோபம் ஆறாவிட்டாலும்.

நீ கேட்ட பக்கத்தையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே வரிதான்: 'இக்குழந்தையுடன் யார் பேசுகிறார்களோ அவர்கள் மொழியை இவள் பேசுவாள்.' பெயர், பட்டம், தேதி எல்லாம் போட்டிருக்கிறேன். தாராளமாக அவரிடம் காட்டலாம்.

உன் அம்மா,
ஆதிலட்சுமி