இரண்டு பொம்மைப் படைகளும் ஒரே புத்தகத்தில்

ஐப்பசி, செவ்வாய் இரவு

தம்பி குமாரின் இரண்டாவது கண்ணிலும் இனிப் பார்வை திரும்பாது என்று, தேனியில் டாக்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சர்க்கரை முற்றிவிட்டதாம். அவனிடம் நான் சொல்லவில்லை.

சுருளிப்பட்டியில் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய காமிக்ஸை வாசிக்கச் சொன்னான். ரோபோ பொம்மைகளும் பட்டாளத்துப் பொம்மைகளும் ஒரே கதையில் சந்திக்கும் புத்தகம். சின்ன வயதில் கம்பம் பஸ் ஸ்டாண்டு கடையில் அதன் அட்டையைப் பார்த்து, "யக்கா, ரெண்டு கூட்டமும் ஒண்ணா வந்துருக்காக!" என்று கத்தினான். அந்தக் குதியாட்டத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸையே விட்டுவிட்டோம். எந்தப் படை ஜெயிக்கும் என்று வழியெல்லாம் சண்டை.

இன்று படம் படமாக விவரித்துக்கொண்டே வாசித்தேன். "பெரிய ரோபோ எங்கன நிக்கிறாரு?" என்றான். "பாலத்து மேல. பட்டாளமெல்லாம் கீழ நிக்கிறாக" என்றேன்.

"போதும்க்கா. சண்டை வர்ற பக்கத்தை வாசிக்காத. கண்ணு தெரிஞ்சதும் நானே பாத்துக்கிர்றேன்."

"சரிடா" என்றேன். புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

விடிந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் இன்னும் தூங்கவில்லை. விளக்கணைத்த அறையிலிருந்து தாள் புரளும் சத்தம் கேட்கிறது.