பெட்டி வராத பதில்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். என் அட்டைப்பெட்டிப் பட்டறையின் சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறது. ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் வருவார், கொடுத்துவிடுங்கள். நான் ஒரு நாள் போகாவிட்டால் பெட்டிகள் ஒன்றும் ஒட்டாமல் போய்விடாது.

நேற்று நீங்கள் "எப்படி இருக்க?" என்று கேட்டீர்கள். "ரெண்டு மெஷினும் நல்லா ஓடுது" என்றேன். "நான் மெஷினைக் கேக்கல, உன்னைக் கேட்டேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. கதவை அறைந்து சாத்தினேன். கீல் ஆடுகிறது, அது என் வேலைதான்.

இன்று காலை நீங்கள் வாக்கிங் போனதும், ஃபிரிட்ஜில் நீங்கள் ஒட்டிவைத்த மனநல டாக்டர் நம்பருக்குப் போன் செய்தேன். அந்த அம்மாவும் "எப்படி இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். நானும் வாய் தவறி, "ரெண்டு மெஷினும் ஓடுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மெஷினுக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை."

"உங்களுக்கு?"

எட்டரைக்கு வரச் சொன்னார். கிளம்பிவிட்டேன்.

என் போன் டிராயரில் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் நாளைக்குப் பேசச் சொல்லுங்கள்.

சாயந்தரம் "எப்படி இருக்க?" என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

பி.கு.: சாயந்தரம் வரை பொறுக்க முடியவில்லை, இப்போதே பதில் எழுதிவிடுகிறேன். பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. பார்த்தீர்களா, இந்தப் பதிலில் பெட்டியும் வரவில்லை, மெஷினும் வரவில்லை.