தேர்ச் சக்கரமும் காது மெஷினும்

காஞ்சிபுரம்,
வைகாசி மாதம், 1974.

பம்பாயில் இருக்கும் என் கண்ணான மகன் வீரபத்திரனுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வரதர் புண்ணியத்தில் நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் நேற்று நடந்ததை உனக்கு உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் நீ அப்பாவுக்கு அனுப்பிய புதுக் காது மெஷினால்தான். நீ எழுதியபடியே சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, பெரிய சத்தத்தை அமுக்கிவிடுகிறது. அடுப்படியில் நான் முணுமுணுப்பது கூடக் கேட்கிறதாம், லாரி ஹாரன் அடித்தாலும் காது வலிக்கவில்லையாம். பழைய மெஷினில் ஹாரன் மண்டையைப் பிளக்கிறது என்று ஒயரைப் பிடுங்கி எறிவாரே, இப்போது சட்டைப் பையில் பெட்டியோடு புது மாப்பிள்ளை மாதிரித் திரிகிறார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வருஷா வருஷம் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்குக் கட்டை போடப் போகும்போது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார், முன்னால் நிற்கும் உன் முனுசாமி சித்தப்பா சிவப்புத் துண்டை இறக்கினால் கட்டையைத் தள்ளுவார், தூக்கினால் கையை எடுப்பார். இந்த வருஷம், "துண்டெல்லாம் வேணாம்பா, கையெடுன்னு ஒரு குரல் குடு, எனக்குத்தான் இப்போ நல்லா கேக்குதே" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்.

நேற்று கொடியேற்றம். தவில் பக்கத்தில் வந்தபோது முனுசாமி சித்தப்பா சோதித்துப் பார்க்க இவர் முதுகுக்குப் பின்னால் நின்று கையெடு, கையெடு என்று தொண்டை கிழியக் கத்தினார். இவர் திரும்பவே இல்லை. தவிலை அமுக்கும்போது கூடவே மனுஷன் குரலையும் அமுக்கிவிடுகிறது அந்தப் பெட்டி, எது தவில் எது குரல் என்று அதற்கு என்ன தெரியும்? காதில் வலி இல்லாததால் எல்லாம் சரியாகக் கேட்பதாக இவர் நினைத்துக்கொள்கிறார். சொன்னால் அவன் கத்தியிருக்கவே மாட்டான் என்கிறார்.

பயமாக இருக்கிறது வீரா. ஏழாம் நாள் தேர், அன்றைக்கு எத்தனை தவில், எத்தனை வேட்டு. ஊரே சேர்ந்து இழுக்கிற சக்கரம் ஒருத்தர் கைக்காக நிற்குமா? நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் மறுக்க மாட்டார். இதைப் பார்த்ததும், மெஷினைக் கழற்றிவிட்டுத் துண்டைப் பார்க்கச் சொல்லித் தந்தி அடி. வராவிட்டால் அன்று காலை பாட்டரியை நானே எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். ஒன்றுமே கேட்காவிட்டால் பழையபடி துண்டைத்தான் பார்ப்பார். அப்புறம் வருஷம் முழுக்க என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும், இரண்டு கையோடு வீட்டுக்கு வந்தால் போதும்.

மழையில் நனையாதே. மருமகளுக்கும் என் ஆசி. தந்தியை மறந்துவிடாதே அப்பா.

உன் அம்மா,
பெரியநாயகி